நாற்காலி மாற்றிய வாரம்

ஜூன் 3, செவ்வாய்

வெர்னன் இன்றும் போக்கர் போட்டியில் தோற்று பகல் ஒரு மணிக்கே வீட்டுக்கு வந்துவிட்டான். "கை நல்லாத்தான் வந்துச்சு லொரெட்டா, கடைசிச் சீட்டுதான் கவுத்துடுச்சு." கல்யாணம் ஆன நாளாக அந்தக் கடைசிச் சீட்டு என் புருஷனை மட்டும் தேடிப்பிடித்துக் கவிழ்க்கிறது. பாவம், அதற்கும் வேறு வேலை இல்லை.

நான் வழக்கம்போல் காலை பத்துக்குக் காசு மேசையில் உட்கார்ந்து நாலு மணிக்கு எழுந்தேன். அங்கே ஒரு சில்லு என்றால் நிஜமாகவே ஒரு டாலர். தோற்றால் பர்ஸைத் திறந்து இன்னும் வாங்கலாம், ஜெயித்தால் எழுந்து போகலாம். ஹெண்டர்சனில் இந்த வீட்டை வாங்கித் தந்தது அந்த மேசைதான், ஐயாவின் போட்டிகள் அல்ல.

ஜூன் 5

வெர்னனுக்கு இந்த வீட்டை விற்று, சக்கரம் வைத்த வீடு வாங்கி, ஊர் ஊராகப் போட்டிக்குப் போக வேண்டுமாம்!

"உன்னுது ஆட்டமா? ஆபீஸ் போறவ மாதிரி மணி பாத்து எழுந்திரிக்கிற. ஒரு நாள் போட்டில வந்து உக்காரு, தெரியும்."

"நீ ஒரு வாரம் என் மேசைல உக்காரு, அப்புறம் பேசு."

வாய் சும்மா இருந்ததா? பந்தயமே கட்டியாயிற்று. வரும் வாரம் முழுக்க அவன் என் மேசையில். சனிக்கிழமை நான் போட்டியில். வாரக் கடைசியில் அவன் லாபத்தில் இருந்து, நான் பரிசில்லாமல் வந்தால் வீடு விற்பனைக்கு. இல்லையென்றால் இனி அந்தப் பேச்சே கூடாது.

ஜூன் 9, திங்கள்

மதியம் ஃப்ளாய்டிடமிருந்து போன். ஓய்வு பெற்ற தபால்காரர், எட்டு வருடமாக மேசையில் எனக்கு இடப்பக்கம். "உன் வீட்டுக்காரர் முன்னாடி சில்லு மலையாக் குவிஞ்சிருக்கும்மா. எழுந்திரிங்கன்னா, இன்னும் ஏழு பேர் பாக்கியிருக்காங்களேங்கறார்!"

கடைசி ஆள் வரை விரட்டிப் பழகியவன். காசு மேசையில் ஒருவன் போனால் இன்னொருவன் வந்து உட்காருவான், முடிவே கிடையாது என்று யார் சொல்வது? நான் சொல்வேனா? ஐந்து மணிக்கு வெறுங்கையோடு வந்தான். நான் பாட்டுப் பாடிக்கொண்டே சமைத்தேன்.

ஜூன் 12

எழுந்துவிட்டான்! இரண்டு மணிக்கு, ஜெயித்த பணத்தோடு. "பாதில எழுந்தேன், யாரும் ஒண்ணும் சொல்லல" என்று ஆச்சரியப்பட்டான். திங்கட்கிழமை விட்டதெல்லாம் அநேகமாகத் திரும்பிவிட்டது. இன்று பாட்டு வரவில்லை.

ஜூன் 14, சனி

நல்ல சீட்டு வரும்வரை காத்திருப்பது என் தொழில். காத்திருந்தேன். இங்கேயோ கட்டாயப் பந்தயம் அரை மணிக்கொரு தரம் ஏறுகிறது, சும்மா உட்கார்ந்திருப்பதற்கே வாடகை. மூன்று மணி நேரத்தில் பாதிச் சில்லு கரைந்தது. பக்கத்து நாற்காலிப் பெண் கேட்டாள், "என்ன மேடம், தூங்கிட்டீங்களா?"

கோபத்தில் ஒன்றுமில்லாத சீட்டை வைத்துக்கொண்டு மொத்தத்தையும் நடுவில் தள்ளினேன். எல்லாரும் பின்வாங்கினார்கள். அட! ஃப்ளாய்டாக இருந்தால் சிரித்துக்கொண்டே பணம் போட்டு என்னைப் பிடித்திருப்பார். இங்கே செத்தால் செத்ததுதான், அதனால் பயம். பிறகென்ன, ஆளாளுக்கு மிரட்டினேன்.

மாலையில் நாற்பத்தொரு பேர் பாக்கி. நாற்பது பேருக்குப் பரிசு. வெர்னன் செய்தி அனுப்பினான்: "லாபம்." ஆக, இன்னும் ஒரே ஒருவர் வெளியேறினால் என் வீடு பிழைத்தது. மூலையில் ஒருவரிடம் நாலே நாலு சில்லு.

அப்போது பார்த்து ஒரு சிவப்புத் தொப்பிக்காரன் மொத்தத்தையும் தள்ளினான். அவனிடம் என்னைவிட அதிகச் சில்லு. என் கையில் இரண்டு ராணி. காசு மேசையாக இருந்தால் யோசிக்காமல் பணம் போட்டிருப்பேன். இங்கே சீட்டைக் கவிழ்த்துவிட்டுச் சும்மா இருந்தால் போதும்.

மொத்தத்தையும் போட்டேன்.

அவனுக்கு ஜோடி ஏஸ் சேர்ந்தது, என் சில்லு மொத்தமும் போனது. நான் என்ன செய்தேன் தெரியுமா? கைப்பையைத் திறந்து பர்ஸை எடுத்தேன்! சீட்டுப் போடும் பெண் மெல்லச் சொன்னாள், "இங்க திரும்ப வாங்க முடியாது மேடம்." நாற்பது பேரும் எழுந்து கைதட்டினார்கள். எனக்கில்லை, நான் செத்ததில் அவர்களுக்குப் பரிசு உறுதியானதற்கு.

காரில் அழுதேன். ஏண்டி போட்ட? கவுத்து வச்சிருந்தா வீடு நின்னிருக்கும்ல? பதினேழு வருஷ அனுபவமாம், அனுபவம்!

ஜூன் 15

முட்டை பொரித்துத் தந்தான். பரிதாபமா, வெற்றிக் களிப்பா?

"எப்ப விக்கிறோம்?" என்றேன்.

"எதை?" என்றான். "நாளைக்குப் பத்து மணிக்கு மேசைக்கு வரேன்னு ஃப்ளாய்ட்கிட்ட சொல்லியிருக்கேனே. நெனச்சப்ப எழுந்து வீட்டுக்கு வரலாம் லொரெட்டா. இவ்வளவு நாளா ஏன் எனக்குச் சொல்லல?"

சொல்லவில்லையாம்! தலையணை மந்திரமாகப் பதினேழு வருடம் ஓதினேன். ஆனால் சண்டை போடத் தோன்றவில்லை. அந்த ராணிகளே மண்டைக்குள் சுற்றுகின்றன. அடுத்த மாதம் ரினோவில் ஒரு போட்டி இருக்கிறதாம். சும்மா விசாரித்தேன்.

ஜூலை 20

ரினோ. பதினெட்டாவது இடம், பரிசு உண்டு. இந்த முறை ராணிகளைக் கவிழ்த்து வைத்தேன்.

செப்டம்பர் 20, சனி

ஊர் ஊராகப் போட்டிக்குச் சுற்றி, இப்போது துல்சா, விடுதி அறை. இரண்டாம் நாள், பதினொரு பேர் பாக்கி, மதியம் ஆட்டம்.

வெர்னன் கூப்பிட்டான். தக்காளிச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினானாம். ஆறு வாரமாகத் தனியாகச் சாப்பிடுகிறானாம். "வீடு வீடுன்னு அந்தக் குதி குதிச்ச. வீடு இருக்கு, நீதான் இல்ல."

"சீக்கிரம் வந்துடு, என்ன?" என்றான்.

வேறு தொழில் செய்பவளிடம் சொன்னால் அது ஆசைப் பேச்சு. இங்கே சீக்கிரம் வீட்டுக்குப் போகிறவள் தோற்றவள். அவனைவிட அது யாருக்குத் தெரியும்? தெரிந்தேதான் சொன்னான்.

"சரி, வரேன்" என்றேன். போனை வைத்ததும் அழுகை வந்தது. முகம் கழுவிக்கொண்டு கீழே போய், அறையை இன்னும் இரண்டு நாளைக்கு நீட்டித்துவிட்டு வந்தேன்.