ஐயாவுக்கு மூத்த மகன்

ஃபான் ரி துறை
டிராகன் ஆண்டு, ஒன்பதாம் மாதம், தேய்பிறை

என் மகன் லுவானுக்கு அம்மா எழுதுவது. இங்கே எல்லாரும் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு உயிரோடு இருக்கிறோம், பிராக் நகரத்துப் பனியில் நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்று துறைக் கோயிலில் வேண்டிக்கொண்டேன். எனக்கு எழுத வராது என்பதால் உன் தங்கை த்ராம் எழுதுகிறாள், நான் சொல்வதை மட்டும் எழுது என்று மூன்று முறை சொல்லிவிட்டேன். (நான்கு முறை. – த்ராம்)

சேதி ஒன்றுதான், அதைச் சொல்லத்தான் இத்தனை நாள் வாய் வரவில்லை. ஆறாம் மாதம் உன் அப்பாவும் உனக்குப் பேசி வைத்த குயெனின் அப்பா ஏழாமண்ணனும் ஒரே படகில் கணவாய் மீன் பிடிக்கப் போனார்கள், மணல்திட்டுக்கு அப்பால் ஏழாமண்ணன் கண்ணில்தான் முதலில் பட்டிருக்கிறது, ஆனால் இன்னதென்று அவர் சொல்லவில்லை, "அண்ணே, அங்க என்னமோ மிதக்குது, கட்டையான்னு பாருங்க" என்றாராம். உன் அப்பா எழுந்து பார்த்து, "கட்டையா? ஐயாடா அது" என்று கையெடுத்துக் கும்பிட்டுவிட்டார். (திமிங்கலம் என்று எழுதப் போனேன், தலையில் ஒரு குட்டு. செத்தது என்று எழுதப் போனேன், இன்னொரு குட்டு. ஐயா கரையேறினார், போதுமா?) வழக்கம் உனக்குத் தெரியும், முதலில் கண்டவர்தான் ஐயாவுக்கு மூத்த மகன், மூன்று வருடம் கழித்து எலும்பை எடுத்துக் கோயிலில் வைக்கும்வரை வீட்டில் துக்கம், கல்யாணம் கூடாது. (அப்பா ஐயாவுக்கு மகன் என்றால் நீ பேரன். நீச்சல் தெரியாது என்று அங்கே யாரிடமும் சொல்லாதே.) உன் அப்பா வெள்ளைத் துணியைத் தலையில் கட்டிக்கொண்டு துக்கம் காக்கிறார், தூக்கம்தான் போய்விட்டது. மூத்த மகனுக்கு வலை நிறையும், வரம் வரும் என்றார்கள், வலையும் காலி, இருந்த வரனும் போயிற்று.

ஏழாமண்ணன்தானே முதலில் கண்டார் என்று நானே போய்க் கோயில்காரர்களிடம் கேட்டேன். "கட்டையக் கண்டவன் கட்டைக்குத்தான் மகன், ஐயாவைக் கண்டவன்தான் ஐயாவுக்கு மகன்" என்று சிரிக்கிறார்கள். அவர் வாய் திறந்து சொல்லியிருந்தாலும் அவர் வீட்டில் துக்கம், கல்யாணம் நின்றுதான் போயிருக்கும், ஆனால் பெண்ணை வேறு யாருக்கும் கொடுத்திருக்க முடியாது, மூன்று வருடமும் அவள் உனக்காக இருந்திருப்பாள். இதையும் அவரிடமே கேட்டுவிட்டேன். "இருபத்தேழு வயசு வரைக்கும் பொண்ண வச்சுக்கிட்டு கருவாடா போடச் சொல்றீங்க அக்கா" என்றார், என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை. நா ட்ராங் வரை லாரி ஓட்டுகிறவன் மாப்பிள்ளை, பத்தாம் மாதம் பதினாறாம் தேதி கல்யாணம். இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது அது முடிந்திருக்கும், அதனால் ஓடி வர நினைக்காதே, உன் அப்பாவைத் திட்டவும் திட்டாதே. நானும் திட்டிப் பார்த்தேன். "புயல்ல என்னை முதுகுல தாங்கிக் கரை சேர்த்தவரு, கட்டைன்னு சொல்லிட்டு எப்படிடி தாண்டிப் போவேன்" என்கிறார்.

முந்தாநாள் குயென் வந்தாள். நீ அனுப்பிய கம்பளித் துண்டைத் திருப்பிக் கொடுத்தாள், இந்த வெயிலில் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, நீயே வைத்துக்கொள் என்றேன், கேட்கவில்லை. நீயே அவனுக்கு ஒரு வரி எழுதிவிடேன் என்று கெஞ்சினேன். "வேணாம் அத்தை, நீங்களே எழுதுங்க. என் கையால எழுதினா அவரு நம்பிடுவாரு" என்றாள். அதனால்தான் நான் சொல்லி எழுதவைக்கிறேன். ஆனால் முடிந்துவிட்டது என்று நீ நம்பிவிடுப்பா.

உடம்பு கெடாமல் இரு, காய்ச்சலோடு ஆலைக்குப் போகாதே, ஐயாவின் காவல் கடலில்லாத அந்த ஊரிலும் உனக்கு இருக்கட்டும். புத்தாண்டுக்கு வருவதாக இருந்தால் சிவப்பில் எதுவும் வாங்கி வராதே, துக்க வீடு.

அம்மா
(கைநாட்டு அவளுடையது, எழுத்து மட்டும் த்ராம்)