ஓர் ஆணிகூட அசையவில்லை

காலோ முனை, சமார் தீவு
டிசம்பர் 4

மாதா துணை.

அன்பு மருமகள் மரிவெலுக்கு,

மாமா தக்யோ பரம சௌக்கியம். புயலில் செல்போன் கோபுரம் சாய்ந்துவிட்டதால் படகுக்காரனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். மணிலாவில் நீயும் உன் கூட்டாளிகளும் கம்ப்யூட்டரில் கார்ப் பந்தயம் ஆடி, பார்க்கிறவர்கள் தரும் நன்கொடையில் வீடிழந்தவர்களுக்குக் கூரைத் தகரம் வாங்குகிறீர்களாமே. "நம்ம ஊருக்கும் வேணுமா மாமா?" என்று கடிதத்தில் கேட்டிருந்தாய். சிரிப்புத்தான் வந்தது. புயல் என் வாசல்வரை வந்து, என் முகத்தைப் பார்த்துவிட்டு வேறு வழியாகப் போயிற்று. என் கூரையில் ஓர் ஆணிகூட அசையவில்லை. ஊரும் அப்படியே. தகரத்தை இல்லாதவர்களுக்குக் கொடு.

தாளில் ஈரக்கறை தெரிந்தால், அது நண்டுக் குழம்பு. இங்கே தினமும் விருந்துதான்.

உன் மாமா
எவுஸ்தாக்கியோ

மணிலா
டிசம்பர் 13

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை ஆட்டத்தின் நடுவே, பார்க்கிறவர்களுக்கு வாசித்துக் காட்டினேன். எல்லாரும் சிரித்து உருண்டார்கள். என் பந்தயக் காருக்கு இப்போது 'இரும்புக்கூரை மாமா' என்று பெயர். அன்று ஜெயித்ததும் அதுதான். நம் ஊருக்கென்று எடுத்துவைத்த தகரம் முழுவதையும் பக்கத்துத் தீவுக்குத் திருப்பிவிட்டேன். எனக்குப் பெருமையாக இருந்தது மாமா.

ஆனால் கறையை முகர்ந்து பார்த்தேன். நண்டு வாசமே இல்லையே? இருபத்தெட்டாம் தேதி கடைசி ஆட்டம்.

மரிவெல்

காலோ முனை
டிசம்பர் 20

மரிவெலுக்கு,

உன் கடிதமும் தகரமும் ஒரே படகில் வந்தன. ஊரே கரையில் நின்றது. படகுக்காரன் கடிதத்தை மட்டும் இறக்கிவிட்டு, "ஒண்ணும் வேணாம்னு எழுதினது நீங்கதானே?" என்று என்னைக் கேட்டுவிட்டு, தகரத்தோடு பக்கத்துத் தீவுக்குக் கிளம்பினான்.

பக்கத்து வீட்டுப் பெர்பெத்துவா, புயலுக்கு முந்தின வாரம் பிறந்த பிள்ளையோடு தார்ப்பாய்க்குக் கீழே கிடக்கிறவள், சொன்னாள்: "உங்க கூரைல ஆணிகூட அசையலையாமே அண்ணே. இவளைக் கொஞ்சம் அங்க படுக்க வைக்கட்டுமா?"

யாரும் சிரிக்கவில்லை. எதற்கும் ஒரு கதை வைத்திருக்கிற நான், தாளை எடுத்து இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆணி அசையவில்லை என்பது நிஜம். உத்தரத்தில் அப்படியே இருக்கின்றன. கூரைதான் இல்லை. ஊரில் ஒரு வீட்டுக்கும் இல்லை. மணிலாக்காரர்கள் முன்னால் உன் மாமா கையேந்துகிறவனாகத் தெரியக்கூடாது என்று அப்படி எழுதினேன். ஊரின் கையையும் சேர்த்து மடக்குகிறேன் என்பது உறைக்கவில்லை.

இதைக் கடைசி ஆட்டத்தில் அதே ஆட்கள் முன்னால் முழுக்க வாசி. என் பெயரை விழுங்கிவிடாதே. அந்தக் காருக்கு வேறு பெயர் வை. தகரம் வந்தால் பெர்பெத்துவா வீடு முதலில், என் வீடு கடைசியில்.

பெர்பெத்துவா இப்போது என் பக்கத்தில் உட்கார்ந்து, எழுதுவதை வரிக்கு வரி வாசிக்கச் சொல்லிக் கேட்கிறாள். புயலோடு மல்லுக்கட்டினேன் என்று ஒரு வரி எழுதியிருந்தேன். "எங்க, பெஞ்சுக்கு அடியில ஒளிஞ்சுக்கிட்டா?" என்றாள். அந்த வரியை அடித்துவிட்டேன்.

எழுத்து கலைந்திருக்கும். போன தடவையும் அது மழைதான்.

தக்யோ