மறியலில் கூடிய நிர்வாகக் குழு

அக்கா,

கச்சிராயபாளையம் போகிற சாலையை அகலப்படுத்துகிறார்கள். நேற்று பேருந்து வழியில் வெகுநேரம் நின்றுவிட்டது. சன்னலைத் திறந்தேன். பச்சைப் புளிய மரத்தை அறுக்கிற வாசனை, நனைந்த தவிடு மாதிரி, உள்ளே வந்தது. பக்கத்து இருக்கைக்காரர் நேரமாகிறதென்று முணுமுணுத்துக்கொண்டிருந்தார். எனக்கோ கண் சொருகிவிட்டது. தூக்கமா நினைப்பா தெரியவில்லை. நீங்கள் வெள்ளைப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, கையில் குடையோடு எனக்கு முன்னால் போய்க்கொண்டிருந்தீர்கள்.

இட ஒதுக்கீடு கேட்டு ஊருக்கு ஊர் மறியல் நடந்த புரட்டாசி அது. சாலையோர மரங்களை வெட்டிக் குறுக்கே சாய்த்திருந்தார்கள். எங்கெங்கோ துப்பாக்கிச் சூடு என்று வானொலி சொல்லிக்கொண்டிருந்தது. நம் மலையடிவாரத்திலோ லாரிச் சத்தம்கூட இல்லாத ஓர் அமைதி. கல்வராயன் மலையிலிருந்து மேகம் இறங்கிக் கரும்புக் கொல்லைகளின் மேல் படுத்திருந்தது. அந்த நாட்களை நினைத்தால் எல்லாமே தண்ணீருக்கு அடியில் நடந்த மாதிரிதான் தோன்றுகிறது.

அந்த அமைதியில் நம் இருவருக்கு மட்டும் நிம்மதி இல்லை. நான் தலைமையாசிரியர். நீங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் நர்சாக இருந்து ஓய்வுபெற்று, பள்ளிக்கூடத்துக்குப் பொருளாளராக வந்தவர். மலைப் பிள்ளைகள் தங்கிப் படித்த விடுதிக்கு வெளியிலிருந்து வந்த உதவி நின்றுபோயிருந்தது. வேறு கணக்கிலிருந்து எடுத்துச் செலவு செய்தால் தணிக்கையில் மாட்டும். அன்றைக்கு நிர்வாகக் குழு பள்ளியில் கூடி விடுதியை மூடத் தீர்மானம் போடுவதாக இருந்தது. பெற்றோர்களுக்குச் சொல்லியும் அனுப்பியாகிவிட்டது. நம் வேதக்கோயிலைச் சேர்ந்தவர்களோ இல்லையோ, பிள்ளைகள் நம்மிடம் படிக்கிற நன்றிக்காக அவர்கள் வருடா வருடம் அறுப்புப் பண்டிகைக்கு விளைச்சல் கொண்டுவருவார்கள். இந்த முறையும் வண்டி நிறைய வந்திருந்தது. அதைக் கள்ளக்குறிச்சிக் கோயிலில் படைத்துவிட்டு, திரும்பும்போது பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு மலையேறுவதாக ஏற்பாடு. ஏறிப்போன பிள்ளைக்குப் படிப்பு அதோடு சரி.

வண்டி மறியலில் நின்றுவிட்டது. வண்டிக்குப் பின்னால், தலைவரை எதிர்கொண்டு கூட்டிவர நடந்து வந்த நாம் இருவர். மரத்துக்கு அந்தப் பக்கம், டவுனிலிருந்து சைக்கிளில் வந்த தலைவரும் இரண்டு உறுப்பினர்களும். தலைவர் தாசில்தாராக இருந்து ஓய்வுபெற்றவர். விதி என்றால் அவருக்கு வேதம். மறியல்காரர்களில் முன்னால் நின்ற முருகேசனின் மகள் நம்மிடம் மூன்றாம் வகுப்பு படித்தாள்.

"கோச்சிக்காதீங்க நர்சம்மா. யாரயும் தாண்ட வுடக்கூடாதுன்னு பேசிகினோம். எங்க புள்ளைங்க படிச்சி மேல வரணும்னுதான் நாங்க ரோட்டுல குந்திகினு இருக்கோம்" என்றார் முருகேசன்.

"நாங்களும் அதுக்குத்தாம்பா வந்தோம்" என்றீர்கள்.

சரி, இங்கேயே கூட்டத்தை நடத்திவிடலாம் என்று நான் சொன்னேன். தலைவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஐந்து பேர் ஓரிடத்தில் கூடினால்தான் கூட்டம் என்று விதி இருந்தது. "நடுவுல இவ்ளோ பெரிய மரம் கெடக்குது. இத்தப் போயி ஒரே எடம்னு எப்படிங்க எழுதறது?" என்றார். நீங்கள் குடையை என்னிடம் கொடுத்தீர்கள். கிளையைப் பிடித்து ஏறி, அடிமரத்தின் மேல் உட்கார்ந்தீர்கள்.

"இப்ப எழுதுங்க சார். நான் ரெண்டு பக்கமும் இருக்கேன்."

ஜெபத்தோடு கூட்டம் தொடங்கியது. மறியல்காரர்கள்கூடத் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்றார்கள். பணம் இல்லை, அதனால் விடுதி இல்லை என்று தலைவர் சுருக்கமாகச் சொன்னார். டவுன்காரர்கள் இருவரும் தலையாட்டினார்கள். நீங்களோ வண்டியைக் காட்டி, இதெல்லாம் யாருடையது என்று சாவதானமாகக் கேட்டீர்கள்.

"கோயிலுது. கோயில் கணக்குல ஏலம் போவும்" என்றார் தலைவர்.

"இன்னும் கோயில் வாசலயே மிதிக்கலியே சார். படைச்சாத்தான் கோயில் பொருள்னு விதி எழுதனதே நீங்கதானே?"

கேட்டுவிட்டு, வண்டியோடு வந்த மலைக்காரர்களைப் பார்த்தீர்கள். "புள்ளைங்க சோத்துக்குன்னா தாராளமா எடுத்துக்கங்கம்மா" என்றார் ஒரு தகப்பன். அவ்வளவுதான், ஒரு பறங்கிக்காயை வாங்கித் தலைக்கு மேலே தூக்கிவிட்டீர்கள்.

அறுப்புப் பண்டிகை ஏலம் ஊர் ஏலம் மாதிரி இல்லை. இரண்டு ரூபாய்க் காயை இருபதுக்குக் கேட்பார்கள். பணத்தைக் கொடுத்துவிட்டுக் காயைத் திரும்ப ஏலத்துக்கே விட்டுவிடுவார்கள். வீட்டுக்கு எடுத்துப்போனால் கஞ்சன் என்று பெயர். அந்த ஏலத்தில் நம் தலைவரை மிஞ்ச ஆள் கிடையாது.

"மல பறங்கிக்காய்! யாரு கேக்கறது?"

"அஞ்சு" என்றார் டவுன் உறுப்பினர் ஒருவர், விளையாட்டாக.

"பத்து!" அது தலைவர். அவர் நினைத்துச் சொல்லவில்லை, அக்கா. எத்தனையோ வருடப் பழக்கம் முந்திக்கொண்டது. பதினைந்து, இருபது என்று ஏறியது. மூன்று தரம் சொல்லி முடித்தீர்கள். தலைவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்து நீட்டி, கோயிலில் சொல்கிற அதே கம்பீரத்தோடு, "திரும்ப வுடுங்க" என்றார்.

சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது. மூட வந்த விடுதிக்கு முதல் காணிக்கை அவருடையது.

முருகேசன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "துட்டயும் குடுத்துட்டு காயயும் வுட்டுட்டாரே! இன்னா சார் கணக்கு இது?" யாரோ சிரித்தார்கள். தலைவரும் சிரித்துவிட்டார். அப்புறம் மறியல்காரர்களும் கேட்க ஆரம்பித்தார்கள். சாமையும் தேனும் வாழைத்தாரும் மரத்துக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாகப் போய்வந்தன. தூறல் விழுந்தது. யாரும் எழுந்துபோகவில்லை.

"நானே காசப் போட்டுட்டு, மூடறதுக்கு எப்படிக் கை தூக்கறது?" என்றார் தலைவர். விடுதி தொடரும், மலையிலிருந்து வருகிற விளைச்சலை இனி ஒவ்வொரு வருடமும் விடுதிக்கென்றே ஏலம் விடுவது என்று தீர்மானம் ஆயிற்று. முருகேசனே தலைவருக்குக் கை கொடுத்து மரத்தைத் தாண்டவிட்டார்.

பள்ளிக்கு வந்தால், பிள்ளைகள் தகரப் பெட்டிகளைக் கட்டி வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒருத்தரும் அழவில்லை. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. "பொட்டிய உள்ள வைங்கடா. சாப்புட வாங்க" என்று அதட்டினீர்கள். பந்தியில் ஒரு சின்னப் பெண் பாதிச் சோற்றை இலையில் ஒதுக்கி வைத்தாள். ஏன் என்று தலைவர் குனிந்து கேட்டார். "அப்பாக்கு" என்றாள். தலைவர் அவள் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போனதும் என்னிடம் சொன்னீர்கள். "இத்த அவரு மொதல்லயே பாத்திருந்தா, இந்த வயசுல நான் மரம் ஏறியிருக்க வேணாம் இல்ல சார்?"

நீங்கள் கர்த்தரிடம் போய் வெகுகாலம் ஆகிவிட்டது. இப்போது தலைவர் நாற்காலியில் நான் இருக்கிறேன். செலவு ஜாஸ்தி, வரவு கம்மி, விடுதி எதற்கு என்று போன மாதமும் பேச்சு வந்தது. கூட்டத்தை நான் மதியச் சாப்பாட்டு வேளையில்தான் வைக்கிறேன். ஓட்டுக்கு விடும் முன் எல்லோரையும் எழுப்பிப் பந்திக்கு அழைத்துப்போனேன். புதிதாக வந்த உறுப்பினர், படித்தவர், சலித்துக்கொண்டார். "இதுக்கும் அஜெண்டாவுக்கும் இன்னா சார் சம்பந்தம்?"

உங்களை மாதிரிப் பேச எனக்கு வராது. உங்களை அப்போது அவ்வளவு தேடியது, அக்கா. சாம்பார் வாளியை அவர் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றேன். அவர் சட்டையில் படாமல் தள்ளிப் பிடித்துக்கொண்டு ஊற்றினார். மூன்றாவது இலையில் இருந்த பையன் நிமிர்ந்து பார்த்து, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்க சார்" என்றான்.

அவர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார்.