வாசலில் சுண்ணாம்புக் கோடு

பிப்ரவரி 2, திங்கள்
பஸ் ஸ்டாண்டில் நின்ற டிராமின் நெற்றியில் ‘கோட்டை’ என்று எழுதியிருந்தது. நானே படித்தேன். யாரையும் கேட்கவில்லை. இன்னொரு தடவை படிப்பதற்குள் வண்டி போய்விட்டது. பரவாயில்லை. ஏறாமலே அவ்வளவு சந்தோஷம்.

மாலை வகுப்பில் எங்களுக்கு எழுத்துச் சொல்லித் தரும் ரஞ்சனி டீச்சர், தினம் ஏதாவது எழுதச் சொன்னார். மார்க்கெட் கமிட்டியில் மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டை தூக்கிய கை. பேனா வழுக்குகிறது.

பிப்ரவரி 5, வியாழன்
டிராமைச் சிங்கவரம் வரை நீட்டப் போகிறார்கள். எங்கள் தெரு வழியாக. இன்ஜினியர் பார்த்திபன் வந்து தெரு நெடுகச் சுண்ணாம்புத் தூளில் கோடு போட்டார். “இதுதான் தண்டவாளம் போற இடம். நடந்து பாருங்க. பதினாலாம் தேதி கூட்டத்துல உங்க கருத்தைச் சொல்லுங்க. ஜனங்க சொல்றதைக் கேட்டுத்தான் முடிவு பண்ணுவோம்” என்றார்.

கோடு எங்கள் வீட்டு முன்னால் இறக்கியிருக்கும் சார்ப்பைப் பாதியாக வெட்டிக்கொண்டு போகிறது. அங்கேதான் என் சம்சாரம் ரத்தினம்மாளின் இட்லிக்கடை. அது போனால் எதை வைத்துச் சாப்பிடுவது?

பிப்ரவரி 7, சனி
ரத்தினம்மாள் வழக்கம்போல வாசல் பெருக்கிச் சாணம் தெளித்தாள். கோடு அழிந்துவிட்டது. கோலமாவை எடுத்துத் திரும்பப் போட்டாள். சார்ப்புக்கு வெளியே.

“இன்னாடி இது?”

“அழிஞ்சிபோச்சி, போட்டேன்.”

“அது அங்க இல்லியே.”

“நீ அளந்து பாத்தியா? போய்ச் சட்னிக்குத் தேங்கா உடை.”

போய் உடைத்தேன்.

பிப்ரவரி 9, திங்கள்
எங்கள் வரிசையில் எல்லா வாசலிலும் இதே கதை. காலையில் பெருக்குவது, அழிவது, கொஞ்சம் தள்ளிப் போடுவது. மறுநாள் இன்னும் கொஞ்சம். குடித்தவன் நடந்த மாதிரி வளைந்து வளைந்து, கோடு தெருவைத் தாண்டிவிட்டது. இன்று எதிரே பஷீர் அகமது பாயின் சைக்கிள் கடைமேல் ஏறி நிற்கிறது.

எதிர் வரிசை முழுக்க பாய்மார் வீடு. அங்கே வாசலில் கோலம் போடுகிற வழக்கம் இல்லை. கோட்டைத் திருப்பித் தள்ள ஆள் இல்லை.

பிப்ரவரி 11, புதன்
பயமாக இருக்கிறது. வேறு எதுவும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 12, வியாழன்
இன்ஜினியர் வந்தார். திட்டுவார் என்று நினைத்தேன். அவருக்கு ஒரே சந்தோஷம். “ஜனங்களே கூடிப் பேசித் திருத்திப் போட்டிருக்காங்க! இதைத்தான் எதிர்பார்த்தோம்!” என்று கூட வந்தவரிடம் சொல்லிக்கொண்டே போட்டோ எடுத்தார், டேப் பிடித்து அளந்தார். யாரும் வாய் திறக்கவில்லை. நானும்தான்.

பிறகு சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன். “இன்னா தாண்டவராயா, கலெக்டர் பரீட்சை எப்போ?” என்று பாய் தினம் கிண்டல் பண்ணுவார். இன்று கிண்டல் இல்லை. காற்றடித்தார். காசு நீட்டினேன், வாங்கிப் பையில் போட்டுக்கொண்டார். இத்தனை வருஷத்தில் என்னிடம் வாங்கியதே இல்லை.

பிப்ரவரி 13, வெள்ளி
சார்ப்பு போனா ரத்தினம் இன்னா பண்ணுவா? கடை போனா பாய் இன்னா பண்ணுவாரு? நான் ஏன் சொல்லணும், தெருவுல நான் ஒருத்தன்தான் இருக்கேனா? பேசினால் காற்றோடு போய்விடும். நாளைக்கு நான் அப்படிச் சொல்லவே இல்லை என்றுகூடச் சொல்லலாம். எழுதினால் நிற்குமே — கீழே என் பெயரோடு.

பிப்ரவரி 14, சனி
கூட்டம். “தெருக்காரங்க போட்ட கோட்டையே வெச்சிக்கலாம். ஆட்சேபணை உண்டா?” என்றார் இன்ஜினியர். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். பாய் கடைசி வரிசையில் நின்றார். பேச முடியாதவர்கள் எழுதலாம் என்று அட்டை கொடுத்தார்கள். எனக்குப் பேச்சு வரவில்லை. அட்டையை வாங்கினேன்.

கூட்டம் கலைகிறவரை எழுதினேன். நாலு வரிதான்.

‘கோடு முதலில் எங்கள் பக்கம் இருந்தது.
தினம் பெருக்கித் தள்ளிப் போட்டோம்.
பஷீர் பாயைக் கேட்கவில்லை.
தாண்டவராயன்.’

கிளம்பினவர்களை நிறுத்தி இன்ஜினியர் அதைச் சத்தமாகப் படித்தார். நான் எழுதினதை இன்னொருத்தர் படிக்கிறார்! அந்த நேரத்திலும் உள்ளே ஒரு துள்ளல்.

“யோவ் பெருசு, இதுக்குத்தான் எழுதக் கத்துக்கினியா?” என்றான் பக்கத்து வீட்டுத் தனசேகரன்.

ரத்தினம்மாள் வீட்டுக்கு வந்துதான் சொன்னாள். “கைநாட்டா இருந்தப்ப நல்லாத்தான் இருந்த.”

பிப்ரவரி 17, செவ்வாய்
பழைய இடத்திலேயே கோடு. இந்த முறை சிவப்புப் பெயிண்ட். பாதிச் சார்ப்பு போகிறது. தெருவில் யாரும் என்னோடு பேசுவதில்லை. இட்லி வாங்க வருகிறவர்கள்கூட என்னைத் தாண்டி அவளைப் பார்த்துப் பேசுகிறார்கள். அவளும் பேசுவதில்லை. தப்பு பண்ணிட்டேனா? வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 20, வெள்ளி
காலையில் ரத்தினம்மாள் பெயிண்டைத் தேங்காய் நாரால் தேய்த்துப் பார்த்தாள். போகவில்லை. கோட்டுக்கு இந்தப் பக்கம், இருக்கிற இடத்தில் சின்னதாக ஒரு கோலம் போட்டுவிட்டு உள்ளே போனாள்.

எதிரே பாய் கடையோரம் கிடந்த பழைய டயர்களை ஒதுக்கிப் பெருக்கிக்கொண்டிருந்தார். ஓர் அடுப்பும் ஒரு பெஞ்சும் போடுகிற அளவுக்கு இடம்.

“இன்னாத்துக்கு பாய், இது?” என்று இங்கிருந்தே கேட்டேன்.

அவர் நிமிரவில்லை.

“எழுதிக் கேளு, சொல்றேன்.”