பின்பாரம்

புளியஞ்சோலை,
ஆனி மாதம், 1946.

மாமாவுக்கு, பாவாயி கும்பிட்டு எழுதிக்கொள்வது.

நம் டிரெய்லர் கவிழ்ந்துவிட்டது. போன சந்தை நாளன்று பலாப்பழம் ஏற்றிக்கொண்டு துறையூர் போனோம். உப்பிலியபுரம் தாண்டி வருகிற இறக்கத்தில் அது வாய்க்காலில் போய்க் குடை சாய்ந்தது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. டிரைவர் ராசப்பனுக்கு முழங்கையில் சிராய்ப்பு. பட்டாளத்து ஏலத்தில் எடுத்த நம் பிக்கப் லாரிக்குப் பின்பக்கத் தகரம் நசுங்கியது, என்ஜினுக்குப் பழுதில்லை. டிரெய்லரின் அச்சு வளைந்துவிட்டது. பழத்தில் பாதிக்குமேல் பிளந்து தண்ணீரோடு போயிற்று.

இதை முதல் வரியிலேயே எழுதக் காரணம் உண்டு. நமக்குப் போட்டியாகப் பழ வண்டி விடுகிற ருக்குமணியின் தம்பி உங்களுக்குக் கடிதம் போடுவதும், சிங்கப்பூர்ப் பட்டாளத்திலிருந்து நீங்கள் அவனுக்குப் பதில் போடுவதும் எனக்குத் தெரியும். தபால்காரர் நம் வாசலைத் தாண்டித்தானே அவர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அந்த வீட்டிலிருந்து நம் வீட்டுச் சேதி உங்களுக்கு வந்து சேருவதற்குமுன் என் கடிதம் வந்துவிட வேண்டும்.

உங்கள் அம்மாவுக்கு முட்டிவலி தேவலை. எருமை கன்று போட்டது, கிடாரி. மலையில் நல்ல மழை, ஆற்றில் தண்ணீர் கலங்கி வருகிறது. வேளைக்குச் சாப்பிடுங்கள்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். பாரம் ஏற்றியது நான்தான். ராசப்பனைக் குற்றம் சொல்லி எழுத மனசு வரவில்லை. மாட்டு வண்டி வைத்துத்தானே இந்த வியாபாரத்தைத் தொடங்கினேன். மூட்டை அடுக்குவதில் இந்த அடிவாரத்தில் என்னைக் கேட்காத வண்டிக்காரன் கிடையாது. முன்பாரம் ஏறினால் மாட்டுக் கழுத்தில் நுகம் அழுத்தும், அதனால் கொஞ்சம் பின்னால் தள்ளித்தான் ஏற்ற வேண்டும் என்பது எனக்குக் கையிலேயே பழகிப்போன பாடம். டிரெய்லரையும் அப்படியே ஏற்றினேன். பெரிய பழமெல்லாம் கடைசியில், சின்னது முன்னால். லாரிக்குப் பாரம் தெரியாமல் சுகமாகப் போகும் என்று நினைத்தேன். லாரிக்கு ஏது கழுத்து, நோவதற்கு?

மேட்டில் ஏறும்போது ஒன்றும் தெரியவில்லை. முன் சீட்டில் ராசப்பன் ஓட்ட, நடுவில் மலைமேல் குண்டூர் நாட்டுச் செங்கோடன், ஓரத்தில் நான். இறக்கத்தில் வண்டி வேகம் எடுத்ததும் பின்னால் யாரோ பிடித்து ஆட்டுவதுபோல இருந்தது. கண்ணாடியில் பார்த்தால் டிரெய்லர் நாய் வாலை ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடுகிறது. ராசப்பன் பயந்துபோய் பிரேக்கை ஒரே மிதியாக மிதித்தான். அவ்வளவுதான். பின்னால் இருந்தது முன்னால் வரப் பார்த்தது. கொக்கி கழன்று அது வாய்க்காலுக்குப் போனது. கழன்றதால் நாங்கள் பிழைத்தோம்.

செங்கோடன் இறங்கிப் போய் வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு நின்றார். குண்டூர் நாட்டில் யார் பழத்தை யாருக்குப் போடுவது என்று முடிவு சொல்கிறவர் அவர். அவர் திட்டியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். மெல்லச் சொன்னார்:

“மலையிலிருந்து தலைச்சுமையா எறக்கிட்டு வந்தோம் அம்மிணி, ஒரு பழம் நழுவலை. நீங்க தரையிலே கொண்டாந்து கொட்டிப்போட்டீங்களே. அடுத்த தடவை பழம் எறக்கினா அந்த அம்மிணி வண்டிக்குத்தான்னு பசங்க சொல்லப்போறாங்க. நான் என்னன்னு பதில் சொல்லட்டும்?”

அந்த அம்மிணி யாரென்று உங்களுக்குத் தெரியும். திண்ணனூர் நாட்டுப் பழம் முழுக்க இந்த வருஷம் அவளுக்குப் போய்விட்டது. குண்டூர் நாடும் போனால் நான் கடையைப் பூட்டிவிட்டு உங்கள் அம்மாவுக்கு முட்டி தேய்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

பேர் சொன்னதும் வந்து நிற்பதுபோல, அதே ரோட்டில் ருக்குமணியின் வண்டி வந்தது. தம்பி ஓட்ட, அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். பின்னால் அவளுடைய டிரெய்லர், பிறந்த குழந்தையைத் தொட்டிலில் போட்டதுபோல ஆடாமல் அசையாமல் வருகிறது. அவள் வீட்டுக்காரர் தவறி மூன்று வருஷத்தில் அவளுக்கு வந்திருக்கிற தெம்பைப் பார்க்க வேண்டுமே. நான் புழுதியும் பலாப் பிசினுமாக நிற்கிறேன், அவள் வெளுத்த புடவையில் ஒரு கசங்கல் இல்லாமல் இறங்குகிறாள். அந்த நிமிஷம் வாய்க்காலில் டிரெய்லருக்குப் பதில் நான் கிடந்திருக்கலாம் என்று தோன்றியது.

அவள் நம் பழத்தைப் பார்க்கவில்லை, கவிழ்ந்து கிடந்த டிரெய்லரின் கயிற்றுக்கட்டைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, “பின்பாரம் ஏத்திட்டீங்களாக்கா?” என்றாள். ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாள், மாமா. எனக்கு எரிந்த எரிச்சலில் பலாப்பழம் வெந்திருக்கும்.

மிஞ்சிய பழத்தைத் தன் டிரெய்லரில் ஏற்றிக்கொள்கிறேன் என்றாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். செங்கோடன் பார்த்துக்கொண்டிருந்ததால் விழுங்கிக்கொண்டேன். பெரிய பழத்தை அச்சுக்குச் சற்று முன்னால், அடியில் வைக்கச் சொன்னாள். மேலே உயர அடுக்க விடவில்லை. பிறகு டிரெய்லரைக் கொக்கியிலிருந்து கழற்றச் சொன்னாள், கழற்றுமுன் சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கல் கொடுத்தாள். கொக்கியில் மாட்டுகிற ஏர்க்கால் நுனியைத் தம்பியைத் தூக்கச் சொல்லிப் பார்த்தாள். லேசாகத் தூக்க வந்தால் பாரம் பின்னால் இருக்கிறதாம். தூக்கவே வராவிட்டால் முன்னால் அதிகமாம். முக்கித் தூக்கும்படி இருந்தால் சரியாம். திரும்ப மாட்டியபின் கொக்கிக்குக் கீழே இரண்டு சங்கிலியைக் குறுக்காகப் பின்னிப் போட்டாள். இறக்கத்தில் முதலிலேயே சின்ன கியருக்கு வந்துவிட வேண்டும், ஆடினால் பிரேக்கைத் தொடாமல் ஆக்ஸிலேட்டரை விட்டு ஸ்டீரிங்கை நேராகப் பிடித்திருக்க வேண்டும் என்று நம் ராசப்பனுக்கு வேறு பாடம். அவன் கை கட்டிக் கேட்கிறான். என்னிடம் சம்பளம் வாங்குகிறவன்.

இதெல்லாம் எங்கே கற்றாய் என்று கேட்டேன். கேட்டிருக்கக்கூடாது.

“மச்சான் லீவிலே வந்தப்ப சொல்லிக் கொடுத்ததுங்கக்கா” என்றாள்.

அவள் என்னை அக்கா என்று கூப்பிடுவது நேற்று இன்று இல்லை. ரத்த உறவு கிடையாது, ஊர் மரியாதைக்குக் கூப்பிடுவது. நானும் மரியாதை என்று விட்டுவிட்டேன். நான் அக்கா என்றால் நீங்கள் அவளுக்கு மச்சான் ஆகிறீர்கள் என்பது அந்த வாய்க்கால் கரையில்தான் எனக்கு உறைத்தது. அக்காள் புருஷனைத் தங்கச்சிக்காரி கேலி பேசினாலும் கேட்பார் கிடையாது, கட்டிக்கொண்டாலும் கேட்பார் கிடையாது.

பட்டாளத்தில் இத்தனை வருஷம் இழுவை வண்டி ஓட்டுகிறீர்கள். பங்குனியில் லீவில் வந்து என் கையால் சாப்பிட்டீர்கள், என் வீட்டில் தூங்கினீர்கள். ஏர்க்காலைத் தூக்கிப் பார்க்கிற வித்தையை மட்டும் அவள் கொட்டகையில் கொண்டுபோய் வைத்துவிட்டீர்களே என்று கேட்க எனக்கு உரிமை இல்லையா? அதையே அவளிடமும் கேட்டேன், கொஞ்சம் வேறு வார்த்தையில். அவள் சிரிக்கவில்லை. நீங்கள் முதலில் என்னைத்தான் கூப்பிட்டீர்களாம், நான் மிளகு நிறுத்துக்கொண்டிருந்தேனாம், ஓட்டுவது டிரைவர் பாடு விற்பது என் பாடு என்று திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னேனாம். வழியில் நின்ற அவள், எனக்குச் சொல்லுங்கள் என்று கேட்டாளாம்.

சொல்லியிருப்பேன். தராசில் கண் இருக்கும்போது யார் கூப்பிட்டாலும் அப்படித்தான் சொல்வேன். நான் என்ன வேடிக்கைக்கா நிறுத்துக்கொண்டிருந்தேன்? நீங்கள் இன்னொரு தரம் கூப்பிட்டிருக்கலாம்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவளைத் திட்டிக்கொண்டே வேலை பார்த்தேன். அப்புறம் வியாபாரிப் புத்தி வந்தது. யோசித்துப் பார்த்தால் நம் பிக்கப்புக்கு இழுக்கிற பலம் இருக்கிறது, டிரெய்லர் இல்லை. அவளிடம் நல்ல டிரெய்லர் இருக்கிறது, வண்டி பழசு, பாதிப் பாரத்துக்கே மூச்சு வாங்குகிறது. அவளுக்கு ஏற்றத் தெரியும், துறையூர் தரகரிடம் விலை பேசத் தெரியாது. போன வாரம் அவள் விற்ற விலையைக் கேட்டால் உங்களுக்கே அழுகை வரும். தனித்தனியாக நின்றால் இரண்டு பேர் பழமும் அழுகும். நானே அவள் வீட்டுக்குப் போனேன். மோர் கொடுத்தாள். உப்பு அதிகம். குடித்தேன்.

மறுநாளே நம் வண்டியில் அவள் டிரெய்லரை மாட்டிப் பார்த்தோம். செங்கோடனைக் கூப்பிட்டு, தலைச்சுமையாக வந்த பழத்தை அவர் கண்முன்னேயே ஏற்றினோம். ராசப்பன் ஓட்டினான். அதே இறக்கத்தில் நான் கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தேன், அது வாலை ஆட்டவில்லை. துறையூரில் இறக்கும்போது செங்கோடன் கடைசிப் பழம் வரைக்கும் தட்டிப் பார்த்தார். “பசங்ககிட்டே சொல்றதுக்கு ஆச்சுங்க அம்மிணி” என்றார். குண்டூர் நாடு தங்கிவிட்டது.

பேசி முடித்த நிபந்தனைகளை உங்களுக்கும் தெரியப்படுத்துகிறேன். சீசன் முடிகிற வரைக்கும் வண்டி என்னுடையது, டிரெய்லர் அவளுடையது, லாபம் பாதிக்குப் பாதி. ஏற்றுவதில் அவள் சொல்வதை நான் கேட்க வேண்டும், விற்பதில் நான் சொல்வதை அவள் கேட்க வேண்டும். வழியில் அடிபடுகிற பழம் இரண்டு பேர் கணக்கிலும் போகும், மலைக்காரர் கணக்கில் ஒன்றுகூடப் போகாது. வண்டி சம்பந்தமாகச் சந்தேகம் எது வந்தாலும் சிங்கப்பூருக்கு நான்தான் எழுதுவேன். பதில் என் பெயருக்கு வர வேண்டும், அவர்களுக்கு நான் படித்துக் காட்டுவேன். இதில் நீங்களும் கட்டுப்பட்டவர்.

நான் தராசைக் கீழே வைத்துவிட்டேன், மாமா. நீங்கள் சுகமாக ஊர் வந்து சேர வேண்டும் என்று அறப்பளீசுவரரை வேண்டிக்கொண்டிருக்கிறேன். வந்ததும் ஏர்க்காலைத் தூக்கிப் பார்ப்பதை எனக்கு உங்கள் வாயால் ஒரு தரம் சொல்லுங்கள். எனக்கு முன்னமே தெரியும் என்று சொல்ல மாட்டேன்.

கடைசி நிபந்தனைக்குத்தான் ருக்குமணி ரொம்ப நேரம் என் முகத்தைப் பார்த்தாள். இன்றுமுதல் உங்களை அவள் அண்ணன் என்றுதான் சொல்ல வேண்டும், என்னை அண்ணி என்றுதான் கூப்பிட வேண்டும். மோர்ச் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தவள், “சரிங்க அண்ணி” என்றாள்.

இப்படிக்கு,
உங்கள் பாவாயி