பசை தடவாத வரைபடம்

சகாரன்பூர்,
செவ்வாய்க்கிழமை

அன்பு மகள் நிகாருக்கு, அப்பா எழுதுவது. அல்லாஹ்வின் அருளால் இங்கே எல்லோரும் சுகம், உன் அம்மாவின் முழங்காலைத் தவிர. பெங்களூரில் நீயும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க துஆ செய்கிறோம். போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போன் பேசும்போது உன் அம்மா பக்கத்தில் நிற்பாள், அவள் தங்கை புருஷனைப் பற்றி நான் வாய் திறக்க முடியாது, அதனால் எழுதுகிறேன்.

நீ வரைந்த மேசைத் தட்டையும் அதற்குள் உட்காரும் மூன்று பெட்டிகளையும், பேனாவுக்கு ஒன்று, விசிட்டிங் கார்டுக்கு ஒன்று, குண்டூசிக்கு ஒன்று, நானும் உன் சித்தப்பா கலீக்கும் ஆளுக்குப் பன்னிரண்டு செட் மரத்தில் செய்து ஏற்றுமதிக்காரர் அன்சாரியிடம் கொண்டுபோனோம். எண்ணூறு செட் ஆர்டர், ஒருவருக்குத்தான். அவர் என் நாலாவது தட்டை எடுத்து அதில் ஒன்பதாவது செட்டின் பேனாப் பெட்டியை வைத்தார். இறங்கவில்லை. கலீக்கினுடையதில் எதை எதில் போட்டாலும் தொப்பென்று உட்கார்ந்தது. உஸ்தாத், உங்க வேலையைக் கண்ணுல ஒத்திக்கலாம், ஆனா எதுக்கு எது ஜோடின்னு சொல்ல நீங்களும் கப்பல்ல கூடப் போகணும் போலிருக்கே என்றார் அன்சாரி. உடனே கலீக் என்னைக் காட்டி, பாய்சாப் பெட்டியும் பாய்சாப் மாதிரிதாங்க, யாரோடயும் ஒத்துப்போகாது என்றான். டீ கொண்டுவந்தவன்கூடச் சிரித்தான். என் மூலைப் பொருத்தில் மயிரிழை நுழையாது, அவன் மூலையில் எறும்பு குடும்பம் நடத்தும், அதை ஒருவரும் பார்க்கவில்லை. பத்தாம் தேதிக்குள் ஒரே அளவில் பன்னிரண்டு செட் கொண்டுவராவிட்டால் எண்ணூறும் கலீக்குக்கு என்று அன்சாரி சொல்லிவிட்டார்.

அவனிடம் அப்படி என்ன வித்தை என்று பார்க்க, உன் சித்திக்கு ஊறுகாய் கொடுக்கும் சாக்கில் போனேன். நீ வரைந்த காகிதத்தை, உன் கையெழுத்தோடு, பிளைவுட்டில் பசை தடவி ஒட்டி, கோட்டோடு அறுத்து, ஓரத்துக்குச் சிவப்புச் சாயம் அடித்து, அளவு அச்சாக ஆணியில் மாட்டியிருக்கிறான். இதைத் தவிர வேற எதை வச்சு எவன் கோடு போட்டாலும் கையை முறிச்சிடுவேன்னு சொல்லி வச்சிருக்கேன் பாய்சாப் என்று பெருமை வேறு.

அவனுக்கும் அனுப்பியிருக்கிறாய். எனக்கு மட்டும் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்கு நீ அனுப்பிய காகிதத்தைப் பார்த்து முதல் செட்டைச் செய்ததும், மரத்தூளும் எண்ணெயும் படக் கூடாதென்று சுருட்டி டிரங்குப் பெட்டியில் உன் நிக்காஹ் துணிகளோடு வைத்துவிட்டேன். அப்புறம் முதலாவதை வைத்து இரண்டாவதற்குக் கோடு போட்டேன், இரண்டாவதை வைத்து மூன்றாவதற்கு. ஒவ்வொரு தடவையும் பென்சில் முனையளவு கூடியிருக்கும், அது ஒரு குற்றமா? யாரும் சொல்லிக்கொடுத்து நான் உளி பிடிக்கவில்லை, இந்த வயதில் சகலையிடம் கற்கப்போவதுமில்லை. அவன் சிவப்பு அடித்தால் நான் பச்சை அடிப்பேன்.

அதற்கு அதே அளவில் இன்னொரு பிரதி வேண்டும், கூரியரில் அனுப்பு. டிரங்குப் பெட்டியில் இருப்பதை ஒட்டுங்கள் என்று சொல்லாதே. அதில் நான் பசை தடவ மாட்டேன்.

மாப்பிள்ளைக்கு ஸலாம் சொல். வேலை வேலை என்று சாப்பாட்டைத் தள்ளிப்போடாதே. அல்லாஹ் உன் கைக்கு பரக்கத் தரட்டும். மறக்காதே, ஒரு பிரதி, என் பெயருக்கு. இனி என்ன வரைந்தாலும் முதலில் எனக்கு அனுப்பு, சித்தப்பா கேட்டால் அப்பாவைக் கேளுங்கள் என்று சொல்.

இப்படிக்கு,
உன்னைப் பெற்றவன்,
முஸ்தகீம்