நலமானவர் வரிசையில் ஒன்பதாவது குழாய்

ஏப்ரல் 7, திங்கள்
காலை எட்டுக்கே சேலம் கொதிக்கிறது. லேப் ஏசி மறுபடியும் ரிப்பேர். அண்ணி கேட்ட மோர்மிளகாய், மறந்தாயிற்று.

ஆராய்ச்சிக்கு எடுத்த ரத்தக் குழாய்களில், நலமானவர் வரிசையின் சி-9ஐ மெஷினில் ஓட்டினேன். சி-9 நான்தான். பிப்ரவரியில் ரத்தம் தருவதாகச் சொன்னவர் வரவில்லை. லேபில் எல்லோரும் செய்வதுதான், நானே கையை நீட்டிவிட்டேன்.

திரையில் கோடு சீக்கிரமே ஏறியது. மைக்ரோ ஆர்என்ஏ என்ற மரபுத் துணுக்குகளில் 21 அதிகம், 29 குறைவு. சிறுநீரகத்தில் நார் படியவிடும் துணுக்கு ஓங்கி, நாரைத் தடுக்கும் துணுக்கு அடங்கிக் கிடக்கிறது. ரத்தக் கொதிப்பில் சிறுநீரகம் கெட்டவர்களிடம் பார்க்கும் படம் இது.

மே மாதம் இந்த உடம்பிலிருந்துதான் அண்ணனுக்கு ஒரு சிறுநீரகம். ஆஸ்பத்திரி டெஸ்ட் எல்லாம் நார்மல்.

ஏப்ரல் 8, செவ்வாய்
ரத்தம் எடுக்கும்போது அணுக்கள் உடைந்திருக்கும். உடைந்தால் கணக்குத் தப்பும். அதுதான். வேறென்ன.

பக்கத்து மேசை கவிதாவிடம் மறுபடி எடுக்கச் சொன்னேன்.
"எதுக்குங்கக்கா திரும்ப?"
"சும்மா, ஒரு சந்தேகம்."
மேலே தெளிந்து வந்த நீர் நல்ல வைக்கோல் நிறம். சிவப்பு துளியும் இல்லை, அணு எதுவும் உடையவில்லை. கொஞ்சம் சிவந்தே வந்திருக்கலாம்.

ஏப்ரல் 9, புதன்
அதே கோடு.

செய்யக் கூடாததைச் செய்தேன். பி-31 ஃபைலைத் திறந்தேன். நோயாளி வரிசை, அப்பா. போய்ச் சேர்ந்து ஒன்றரை வருடம். மைனஸ் எண்பது ஃப்ரீசரில் இன்னும் இரண்டு குழாய் இருக்கிறார், என் கையெழுத்தில் உள்ள லேபிளோடு. அவர் கோட்டையும் என் கோட்டையும் ஒரே படத்தில் போட்டேன். ஒன்றின் மேல் ஒன்று. திரையை அணைத்தேன். பயமாக இருக்கிறது. முதுகுக்குப் பின்னால் அப்பா நின்று படத்தைப் பார்த்துவிட்டுப் போன மாதிரி.

இந்தத் துணுக்கு எதையும் கட்டுவதில்லை. செல்லுக்குள் போகிற செய்தியின் வாயைப் பொத்தும், அவ்வளவே. நானும் இன்று யாரிடமும் வாய் திறக்கவில்லை.

ஏப்ரல் 11, வெள்ளி
மேடம், என் வழிகாட்டி, படத்தைப் பார்த்தார். "சி-9 மட்டும் தனியா நிக்குதே. அதை எடுத்துடுங்க, படம் அழகா வரும்." அது யார் என்று கேட்கவில்லை. அவருக்கு எண் மட்டும்தான். சரிங்க மேடம் என்றேன்.

எடுத்துவிட்டால் முடிந்தது. அவருக்குப் படம், அண்ணனுக்குக் கிட்னி, எனக்குப் புண்ணியம். கேவலமாக இருக்கிறது.

மாலை அண்ணன் போன். போர்வெல் போடும் ரிக் வண்டி ஓட்டியவன். இப்போது திருச்செங்கோட்டில் வாரம் இரண்டு டயாலிசிஸ், தண்ணீர்கூட அளந்துதான்.
"டாக்டர் நாள் குறிச்சுட்டாரா சாமி? எல்லாம் முடியட்டும், ஒரு சொம்புத் தண்ணிய ஒரே மூச்சுல குடிக்கோணும். வேற ஆசையே இல்ல."
சொல்ல முடியவில்லை.

ஏப்ரல் 16, புதன்
சொல்லிவிட்டேன். அண்ணனிடம் அல்ல, கிட்னி டாக்டரிடம்.
"இது ஆராய்ச்சி நம்பருங்க. இதை மட்டும் வச்சு ஒருத்தருக்கு நோய்னு சொல்ல முடியாது."
மனசு துள்ளியது. அவர் நிறுத்தவில்லை.
"ஆனா கொதிப்பு அப்பாவுக்கு இருந்துச்சு, அண்ணனுக்கு இருக்கு. இங்க பார்த்த உங்க பிபியும் ஓரத்துலதான். ஒரு நாள் முழுக்க மெஷின் மாட்டிப் பார்த்துடலாம்."

ஏப்ரல் 21, திங்கள்
மேல்கையில் பிபி மெஷின் பட்டை. அரை மணிக்கு ஒரு தடவை இறுக்கிப் பிடித்து விடுகிறது. பஸ்ஸில். சோறு பிசையும்போது. ரோடு தாண்டும்போது அப்பா அங்கேதான் பிடிப்பார். எனக்கு முப்பது வயதான பிறகும் பிடித்தார். பட்டை இறுகும்போதெல்லாம் திரும்பிப் பார்க்கிறேன்.

ஏப்ரல் 23, புதன்
பிபி பகலில் அதிகம். தூக்கத்திலும் இறங்கவில்லை.
"நீங்க கிட்னி கொடுக்க முடியாதுங்க. நாளைக்கே மாத்திரை ஆரம்பிச்சுடணும்."
துணுக்கு முன்கூட்டியே சொன்னதா, தற்செயலா? ஒரே ஆளை வைத்துச் சொல்ல முடியாது என்று மற்றவர்களுக்கு நானே வகுப்பெடுப்பேன்.

சி-9 யார் என்று மேடத்திடம் சொன்னேன். படத்தை மறுபடி திறந்து பார்த்தார். நலமானவர் வரிசையிலும் சேராது, நோயாளி வரிசையிலும் சேராது, இப்போதைக்குத் தனியாக வையுங்கள் என்றார். குழாயை எடுத்துக்கொண்டு ஃப்ரீசரைத் திறந்தால், அப்பாவுக்கு அடுத்த குழி காலி. அங்கேயே வைத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்
முதல் மாத்திரை, காலை 7.

பத்து மணிக்கு அண்ணனின் டயாலிசிஸ் படுக்கை. சொன்னேன். அழுகையை அடக்க முடியவில்லை. அவன் குழாயில் சுற்றும் தன் ரத்தத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.
"என்னைய மட்டுந்தான் புடிச்சாருன்னு இருந்தேன். உன்னையும் உடலியா அப்பா?"
அண்ணி எழுந்து வெளியே போய்விட்டார்.
"அழுவாத சாமி. மாத்திரைய ஒரு நாளும் உட்டறாத. நாந் திங்காம உட்டது போதும்."

கிளம்பும்போது அண்ணியின் தண்ணீர்ப் பாட்டிலை எடுத்து நீட்டினான்.
"வெயில்ல வந்திருக்கற. குடி."
வேண்டாம் என்றேன்.
"குடி சாமி, நான் பாக்கோணும்."
முழுப் பாட்டிலும் குடித்தேன். கடைசி மடக்கு வரை அவன் கண் எடுக்கவில்லை.